மியோவின் அலைவரிசை

கணவாயின் வயிற்றைக் கீறி மைப்பையை உருவும்போதுதான் மியோவுக்குப் பேச்சு வரும். வலக்கையில் கத்தி இருக்கும். இடக்கை விரலெல்லாம் கறுப்பு மை. அதனால் ரேடியோவின் பேசும் பொத்தானை முழங்கையால் அழுத்துவாள். ஒலிவாங்கியின் பக்கத்தில் வாயைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே அவளுக்குக் கிடையாது. இருந்த இடத்திலிருந்தே கத்துவாள்.

"சுலாய்! ஏய் சுலாய்! காது இருக்கா, இல்ல நண்டு தின்னுடுச்சா? மத்தியானத்துக்கு உனக்கும் சேத்து உலை வைக்கவா?"

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவள் கணவனின் குரல் வரும். "வை. மீனப் பத்தி மட்டும் கேக்காத."

"நான் எதுக்குக் கேக்கணும்? உன் கொரலே சொல்லுதே, வலை நனைஞ்சதுதான் மிச்சம்னு."

அவ்வளவுதான். தீவுகளுக்கு இடையே சிதறிக் கிடக்கும் படகுகளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பொத்தானை அழுத்திச் சிரிப்பார்கள். வேறொன்றும் சொல்லமாட்டார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சுலாய் மட்டும் யாருக்கும் பதில் பேசாமல் எஞ்சினை முடுக்குவான். அதுவும் ரேடியோவில் கேட்கும்.

கடற்கரையின் கடைசி வீடு மியோவுடையது. மரக்கால்களின் மேல் நிற்கும் தகர வீடு. பக்கத்துச் சவுக்கு மரத்தின் உச்சியில் கம்பம் கட்டி, பழைய இழுவைப் படகு ஒன்றிலிருந்து கழற்றி விற்ற பெரிய ரேடியோவை அதோடு இணைத்திருக்கிறாள். படகுகளில் இருக்கும் கைரேடியோக்களின் குரல் மலையைத் தாண்டாது. தீவின் மறுபக்கத்தில் இருப்பவன் பேசினால் மியோவுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் அதை வாங்கி இந்தப் பக்கம் வீசுவாள். வீசும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பும் மிளகாயும் சேர்ப்பாள்.

காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருடைய நங்கூரம் அறுந்தது, யார் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், எல்லாம் அதில்தான். தன் தம்பி மகன் பிறந்ததை, பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கடலில் இருந்த தகப்பனுக்குச் சொன்னவள் அவள். இரவல் கொடுத்த பெரிய சட்டி ஓட்டையாகத் திரும்பி வந்தபோது, நாத்தனாரோடு போட்ட சண்டையை முழுக்க ரேடியோவிலேயே நடத்தினாள். படகுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வலையை மறந்தார்கள்.

இத்தனையும் லவோயில். லவோய் என்றால் கடல். உரக் என்றால் ஆள். ஊர்க்காரர்கள் தங்களை உரக் லவோய் என்பார்கள். அந்தமான் கடலில் தாய்லாந்தைச் சேர்ந்த தீவுகளில் இருக்கும் கடலாட்கள் பேசுகிற மொழிக்கும் அதே பெயர்தான். நாட்டையும் நாட்டின் மொழியையும் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சயாம் என்றே சொல்வார்கள்.

மியோ குட்டை. அகலம். வெயிலில் கறுத்த கழுத்து. எந்த நாட்டு அணியினுடையது என்று தெரியாத ஒரு கால்பந்துச் சட்டையும் கைலியும்தான் உடை. கொண்டையில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு செருகியே இருக்கும். அதை உருவித் தலை வாரியதை யாரும் பார்த்ததில்லை. பேசும்போது அதை உருவி ஆளைச் சுட்டிக்காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் லமூன். சயாம் மொழியில் மென்மையானவள் என்று பொருள். ஊரில் யாரையாவது சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கத்தி பலகையில் குத்தி நிற்கும். ஏழெட்டு வயதில், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது சன்னலுக்கு வெளியே மழை இறங்கியிருக்கிறது. வீட்டு வாசலில் அம்மா கருவாடு காயப்போட்டது நினைவு வந்து, "ஊஜாத்!" என்று கத்திவிட்டாள். ஊஜாத் என்றால் மழை. வகுப்பில் லவோய் பேசக் கூடாது என்பது சட்டம். ஆசிரியர் அவளைக் கொண்டுபோய்க் கொடிக்கம்பத்தின் அடியில் நிறுத்தினார். மழையை மழை என்று சொன்ன குற்றத்துக்கு அந்த மழையிலேயே நின்றாள். கருவாடும் நனைந்தது.

"இப்பவும் மழை வந்தா ரேடியோல மொதல்ல நான்தான் சொல்லுவேன்" என்பாள். "ஊஜாத், ஊஜாத், ஊஜாத்னு மூணு தடவ. அந்த வாத்தியாரு எந்த லோகத்துல இருந்தாலும் கேக்கட்டும்."

அந்தக் காலம் முடிந்துவிட்டது, இப்போது யாரும் கொடிக்கம்பத்தில் நிறுத்துவதில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போய்விட்டது. மியோவின் மகள் பிம் அம்மா லவோயில் கேட்பதற்கெல்லாம் சயாமில்தான் பதில் சொல்கிறாள். "சாப்பிட்டியாடீ?" இந்த மொழியில். "அப்புறம் சாப்பிடுறேன்" அந்த மொழியில். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் புரிகிறது, நாக்கு வரவில்லை. வெட்கம் என்கிறார்கள். யார் கொடுத்த வெட்கம் அது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெருநிலக் கரையிலிருந்து காய்ந்த கணவாய் வாங்க வரும் டெராமே மலாய்க்காரர். நல்ல மனிதர். எடையில் ஏமாற்றமாட்டார். ஆனால் வாய் சும்மா இருக்காது. "உங்க பாஷை என்ன பாஷை மியோ? எங்க மலாயையே எடுத்து, வாலை நறுக்கிட்டுப் பேசுறீங்க. மீன ஈக்கான்னு முழுசாச் சொல்ல வராதா? ஈக்காத்தாம், ஈக்காத்து!"

மியோ சீப்பை உருவினாள். "வால நறுக்கல மாமா. ஈக்காத்துன்னு பல்லால கடிச்சு நிறுத்துறோம். மீன் வாய்க்குள்ள நிக்குது. நீங்க ஈக்கான்ன்ன்னு மூக்கால ஒழுக விடுறீங்க. மொதல்ல சளியத் துடைச்சுட்டு வாங்க, அப்புறம் யாருது ஒடஞ்ச பாஷைன்னு பேசுவோம்."

டெராமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவளிடம் பேசும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். மியோ அவரை மன்னித்துவிட்டாள். அவள் மன்னிக்காதது வேறு ஆட்களை.

கடல் காப்புப் பகுதி அலுவலகத்துக்குப் புதிய அதிகாரியாகக் கம்தோன் வந்தது பருவக்காற்று தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். இளைஞன். வடகிழக்குப் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரன். கடலைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும் என்று படகோட்டிகள் சொன்னார்கள். ஊர்த்தலைவர் மனோப்பைக் கூட்டிக்கொண்டு மியோவின் வீட்டுக்கு வந்தான். படியடியில் செருப்பைக் கழற்றினான், கைகூப்பினான், பிஸ்கட் பெட்டி ஒன்றை நீட்டினான்.

"அக்கா, ஒரு சின்ன வேண்டுகோள். இனிமே ரேடியோல எல்லாரும் சயாம்லயே பேசிட்டா நல்லாருக்கும். எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது."

"உங்ககிட்ட பேசினா சயாம்ல பேசறேனே தம்பி. இப்பப் பேசலியா? என் புருஷன்கிட்ட நான் பேசுறது உங்களுக்கு எதுக்குப் புரியணும்?"

கம்தோனின் முகம் சிவந்தது. "அப்படி இல்லக்கா. எங்க ரோந்துப் படகு வர்றத நீங்க முன்கூட்டியே சொல்லிடுறீங்கன்னு புகார் இருக்கு. மூடின பகுதில வலை போடுறவங்க தப்பிச்சிடுறாங்க."

"சொல்லுவேன்தான்." மியோ மறைக்கவில்லை. "உங்க வெள்ளைப் படகு வருதுன்னு தினம் சொல்றேன். எங்க தாத்தன், அவனோட தாத்தன் வலை போட்ட எடத்துல நேத்து வந்து மிதவையைக் கட்டிட்டு மூடினதுங்கறீங்க. சுற்றுலாப் படகு அதே எடத்துல நங்கூரத்தப் போட்டுப் பவளத்த ஒடைக்குது. அவன எந்த பாஷைல பிடிப்பீங்க?"

மனோப் சிரித்தார். அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு. அதிகாரிகள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் வரும். பல் தெரியும், கண் தரையைப் பார்க்கும். மனோப்பும் லவோய் ஆள்தான். மியோவோடு சேர்ந்து அதே கொடிக்கம்பத்தில் நின்றவர். "மியோ, விடேன். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் லவோயில், காதோடு காதாக.

"எதுக்குண்ணே காதுல சொல்றீங்க? திருட்டுச் சாமானா இது?"

பிஸ்கட் பெட்டி திறக்கப்படவில்லை. கம்தோன் எழுந்து போனான். இரண்டு நாள் கழித்து அலுவலகத்தின் பின்பக்கம் மியோ கணவாய் காயப்போட்ட வலையை எடுக்கப் போனபோது, அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவிடம். அது சயாம் இல்லை, அவன் ஊர்ப் பேச்சு. குழைந்து, தணிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று பேசினான். மியோவைப் பார்த்ததும் சட்டென்று சயாமுக்கு மாறினான்.

"அட, பேசு தம்பி" என்றாள் மியோ. "ஆனா ஒண்ணு. உங்கம்மாகிட்ட நீ ஏன் ஒளிஞ்சு பேசுற? அவங்க என்ன மூடின பகுதில வலையா போடுறாங்க?"

அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று மனோப் பிறகு வருத்தப்பட்டார். சொல்லாவிட்டாலும் நடப்பது நடந்திருக்கும். அடுத்த வாரம் சீருடைக்காரர்கள் வந்தார்கள். அவளுடைய பெரிய ரேடியோவுக்கு உரிமம் இல்லை என்றார்கள். அந்தக் கரையில் எந்த ரேடியோவுக்கும் உரிமம் இல்லை. பக்கத்து விடுதியின் வேகப்படகுகளில் இருப்பதற்கும் இல்லை. எடுத்துப் போனது மியோவுடையதை மட்டும். சவுக்கு மரத்தில் ஏறிக் கம்பத்தை அறுத்துப் போட்டார்கள். படகுகளில் இருந்த சின்ன ரேடியோக்களை விட்டுவைத்தார்கள். கூடவே ஓர் உத்தரவு: அலைவரிசையில் சயாம் மட்டும், மீறினால் அவையும் பறிபோகும்.

மியோ துறை வரைக்கும் பின்னாலேயே கத்திக்கொண்டு போனாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவாயை எடுத்துக் கீறத் தொடங்கினாள். முழங்கை பழக்கத்தில் மேசைமேல் தேடிற்று. அங்கே ரேடியோ இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

அதன் பிறகு அலைவரிசையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். கடலில் பிறந்து வளர்ந்த ஆண்கள், இரவல் சப்பாத்து போட்டு நடப்பதுபோல, தட்டித் தடுமாறிச் சயாம் பேசினார்கள். "மீன் உண்டு." "மீன் இல்லை." "திரும்புகிறேன்." முடிந்தது. கேலி இல்லை. வசவு இல்லை. பெண்டாட்டி பற்றிய புகார் இல்லை. சயாமில் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு அவர்களுக்கு அந்த மொழி வராது. வயதானவர்கள் பலர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ரோந்து அலுவலகத்தில் மகிழ்ச்சி. அலைவரிசை ஒழுங்காகிவிட்டதாம்.

பிடின் மியோவின் அப்பாவுடைய அண்ணன். எழுபதைத் தாண்டியவர். கணவாய்க் கூடு போடுவதற்குத் தீவின் தென்புறத்துக்குத் தனியாகப் போவார். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் சீக்கிரமாகப் போவார். அன்றைக்கும் விடியற்காலையில் போனார். முற்பகலில் தென்மேற்குக் காற்று திடீரென்று எழுந்தது. எஞ்சினின் தண்டு முறிந்தது. அலை படகைத் தூக்கி ஒரு பாறையில் அடித்தது. படகு பிளந்தது. கிழவர் பாறையில் ஏறிக்கொண்டார். நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த ரேடியோ தப்பியது.

மியோவின் ரேடியோ இருந்திருந்தால் அவள்தான் முதலில் கேட்டிருப்பாள். அது இல்லை. மலைமேல் கம்பம் வைத்திருக்கும் ரோந்து அலுவலகத்துக்கு மட்டும் அந்தக் குரல் எட்டியது. இரண்டு மூன்று வார்த்தைதான். அப்புறம் அறுந்துபோனது.

மனோப் வந்து ஊருக்குச் சொன்னார். "பயப்படாதீங்க. எங்க இருக்கார்னு பெரியப்பாவே சொல்லிட்டாராம். வெள்ளப் படகு கௌம்பிடுச்சு."

ஊர் துறையில் காத்திருந்தது. சோறு ஆறிப்போனது. வெயில் சாய்ந்தது. வெள்ளைப் படகு வெறுமனே திரும்பி வந்தது. கம்தோன் இறங்கினான். வாந்தி எடுத்து எடுத்து முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. "அங்க யாருமே இல்ல. ரெண்டு தடவ சுத்தி வந்துட்டோம்."

"எங்க?" என்றாள் மியோ.

"ஹின் தம். வடக்க இருக்கே, சுற்றுலாக்காரங்க முக்குளிக்கிற எடம்."

"வடக்கயா? அவரு கூடு கெடக்குறது தெக்குலதானே? வடக்க அவருக்கு என்ன வேல?"

"அவரே சொன்னார்க்கா. தெளிவாச் சொன்னார். எஞ்சின் போச்சு, ஹின் தம்ல இருக்கேன்னு. நான்தான் கேட்டேன்."

"சயாம்லயா சொன்னாரு?"

"ஆமா. நல்லாவே பேசினார்."

மியோ இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ஹின் தம் என்றால் சயாமில் கருங்கல். தென்புறத்தில் ஒரு கருங்கல் இருக்கிறது. ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும் அதை. பாத்து ஈத்தப் என்பார்கள். லவோயில் அதற்கும் கருங்கல் என்றுதான் பொருள். வரைபடத்தில் அதற்குப் பெயரே கிடையாது. வரைபடம் போட்டவர்கள் ஊரில் யாரையும் கேட்கவில்லை.

"அவரு மொழிபெயர்த்திருக்காருடா!" மியோ அலறினாள். "கல்லோட பேர மொழிபெயர்த்திருக்காரு! சயாம்லதான் பேசணும்னு நீங்க சொன்னீங்கள்ல, அதக் கேட்டு நடந்திருக்காரு அந்த மனுஷன்!"

கம்தோன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அங்கே இல்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுலாயின் படகில் ஏறிவிட்டாள். சுலாய் எஞ்சினை இழுத்தான். வெள்ளைப் படகும் பின்னால் வந்தது. தென்புறத்துப் பாறைத்திட்டு தொடங்கும் இடத்தில் அது நின்றுவிட்டது. உள்ளே வழி அதற்குத் தெரியாது.

வெளிச்சம் போவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பாறையின் உச்சியில் குந்தியிருந்தார் பிடின். ஏறிவந்த கடல் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலக்காலில் சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார். கட்டு முழுக்க ரத்தம். சுலாய் நீந்திப் போய் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தான். படகில் கிடத்தியதும் கிழவர் மியோவின் கையைப் பிடித்தார். தண்ணி கேட்பார் என்று நினைத்துக் குனிந்தாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றார். "சயாம்ல தப்பு ஒண்ணும் இல்லியே? ரெண்டு தடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுத்தான் பொத்தான அழுத்தினேன்."

மியோ அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"தப்பே இல்ல பெரியப்பா" என்றாள். "நல்லாச் சொன்னீங்க."

பெருநிலக் கரை மருத்துவமனையில் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். படகு போயிற்று. கூடுகள் போயின. கிழவர் ஊன்றுகோலோடு ஊருக்குத் திரும்பிய வாரத்தில், மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. கடற்கரையில் தார்ப்பாய்ப் பந்தலும் சின்ன மேடையும் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி, பழக்கூடை, அரிசி மூட்டை எல்லாம் படகில் வந்தன. புகைப்படக்காரரும் வந்தார். பிடினை முன்வரிசையில் உட்கார வைத்துக் கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டச் சொன்னார்கள், படத்தில் தெரிய வேண்டுமாம்.

பெரிய அதிகாரிக்கு இனிமையான குரல். கோபமே தெரியாத முகம். "பெரியவர் உயிரோட வந்தது நம்ம எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா இதுல ஒரு பாடம் இருக்கு. ஆபத்து நேரத்துல பெரியவரால தான் இருக்குற எடத்தச் சரியாச் சொல்ல முடியல. நாமெல்லாம் ஒரே நாட்டு மக்கள். எல்லாரும் ஒரே பாஷைய நல்லாக் கத்துக்கிட்டா இப்படி நடக்காது. உங்க பேச்சு வழக்கு அழகானது, மலாய்லருந்து வந்ததுன்னு சொல்றாங்க. பாட்டுக்கு, ஆட்டத்துக்கு, விடுதில விருந்தாளிங்க முன்னாடி வச்சுக்குங்க, வேண்டாம்னு சொல்லல. கடல்ல வேண்டாம். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

கைதட்டச் சொல்லி யாரோ கையைக் காட்டினார்கள். சில பேர் தட்டினார்கள். கம்தோன் தட்டவில்லை. குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிடினுக்கு அந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. தன் பெயரைச் சொல்லித் தலையை அசைக்கிறார்கள் என்றதும் குற்றவாளிபோல் கையைக் கட்டிக்கொண்டார். முக்காலியிலிருந்து காலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் மியோ எழுந்தாள்.

"ஐயா" என்றாள். சயாமில்தான். சுத்தமான சயாம், ஒரு சொல் பிசகவில்லை. "அவரு சரியாத்தான் சொன்னாரு. நீங்க பேசச் சொன்ன பாஷையில சரியாச் சொன்னாரு. அதனாலதான் சாகப் பாத்தாரு. அவரு பாஷையில சொல்லியிருந்தா, அதக் கேக்க எங்கிட்ட ரேடியோ இருந்திருந்தா, சோறு ஆறுறதுக்குள்ள கூட்டிட்டு வந்திருப்போம். இதுதான் பாடம்."

பந்தலில் ஓர் அசைவு. பெரிய அதிகாரியின் புன்னகை அப்படியே இருந்தது. "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உங்க கருத்தத் தலைவர்கிட்ட சொல்லுங்க, அவர் எங்களுக்கு..."

மியோ அவரை முடிக்க விடவில்லை. ஆனால் அவரிடம் பேசவும் இல்லை. மனோப்பிடம் போய்க் கையை நீட்டினாள். மனோப்பின் கையில் ஒலிபெருக்கியின் ஒலிவாங்கி இருந்தது. அவருக்கு அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது. ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்.

அவள் அதைக் கொண்டுபோய்ப் பிடினின் கையில் வைத்தாள். "பெரியப்பா, சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு? நம்ம பாஷையில சொல்லுங்க. மொதல்லருந்து."

கிழவர் மேடையைப் பார்த்தார், மியோவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அது ஒலிபெருக்கியில் கடல்வரைக்கும் கேட்டது. பிறகு தொடங்கினார். முதலில் மெதுவாக. காற்று திரும்பிய விதம், தண்டு முறிந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒலிவாங்கி கையில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. பாறையில் ஏறும்போது கைலி அவிழ்ந்து கடலோடு போன கதைக்கு வந்தார். மேலே ஒரு கடற்பறவை முட்டையில் உட்கார்ந்து தன்னை முறைத்ததையும், அதனிடம் தான் அம்மணமாக நின்று மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படகுக்காரர்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்தார்கள். பிம் அவர்களுக்கு நடுவே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார்கள். அதற்குள் ஊர் அமைதியாகிவிட்டது. கிழவர் கடல் ஏறிய கட்டத்துக்கு வந்திருந்தார். அவர் குரல் தணிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். நேரம் தவறிச் சிரித்துக்கொண்டிருந்த பெரிய அதிகாரி அவசரமாக முகத்தை மாற்றினார்.

"என்ன சொல்றார்?" என்று மனோப்பின் பக்கம் சாய்ந்து கேட்டார். மனோப் கதையில் இருந்தார். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மணலில் பெரியப்பாவின் காலடியில், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் மியோ. அதிகாரி இறங்கி வந்து குனிந்து அவள் தோளைத் தொட்டார். "அம்மா, என்ன சொல்றார் அவர்? கொஞ்சம் சொல்லுங்களேன்."

மியோ திரும்பவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரும் குழந்தையை நிறுத்துவதுபோல, இடக்கையை மட்டும் தோளுக்குப் பின்னால் உயர்த்தி, மை படிந்த உள்ளங்கையை அவருக்குக் காட்டினாள்.